நம் கரையைத் தொட்டுச் சென்ற விவேகானந்தர்

1893ஆம் ஆண்டு ஜூன் மாதம். பினாங்குத் தீவுக்கும் செபராங் பிறைக்கும் இடையிலான கடலில் பெனின்சுலர் என்ற நீராவிக் கப்பல் வந்து நின்றது. மே 31ஆம் தேதி பம்பாயிலிருந்து புறப்பட்டுக் கொழும்பு வழியாக வந்த கப்பல் அது. அடுத்து சிங்கப்பூர், அதன் பிறகு ஹாங்காங். அந்தக் கப்பலில் காவி உடுத்திய முப்பது வயது வங்காளி ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடக்கவிருந்த சர்வ சமயப் பேரவைக்கு அவர் போய்க்கொண்டிருந்தார். கையில் முறையான அழைப்பு இல்லை. பேரவை எந்தத் தேதியில் தொடங்கும் என்பதும் அவருக்குச் சரியாகத் தெரியாது. சென்னையில் சில இளைஞர்கள் வீடு வீடாக ஏறி இறங்கித் திரட்டிய பணமும், இரண்டு மன்னர்களின் உதவியும்தான் அவரைக் கப்பல் ஏற்றியிருந்தன.

ஜூலை 10ஆம் தேதி ஜப்பானின் யோக்கஹாமாவிலிருந்து சென்னை நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதத்தில் பினாங்கும் வருகிறது. மலாய்த் தீபகற்பத்தை ஒட்டிய சிறு நிலத் துண்டு என்றும், இந்தக் கடல்வழி ஒரு காலத்தில் கொள்ளையர்களுக்குப் பேர்போனது என்றும் குறிப்பிட்டுவிட்டு அவர் சிங்கப்பூருக்குப் போய்விடுகிறார். நமக்குக் கிடைத்தது அவ்வளவுதான். பினாங்குக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் வருத்தம் இருக்கலாம்.

விவேகானந்தர் நம் மாணவர்களுக்குப் புதியவர் அல்லர். கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. பேச்சுப் போட்டி என்றால் சிகாகோ சொற்பொழிவு கட்டாயம் வந்துவிடும். ஆனால் மேடையில் நாம் காணும் அந்த வீரத் துறவிக்கு முன்னால் நரேந்திரநாத் தத்தர் என்ற கல்லூரி மாணவர் ஒருவர் இருந்தார். அவருடைய தூக்கத்தைக் கெடுத்த கேள்வி ஒன்று உண்டு. உடல் மாறுகிறது, மனம் மாறுகிறது, உலகம் மாறுகிறது. அப்படியிருக்க, நான் இருக்கிறேன் என்று சொல்லும்போது உண்மையில் இருப்பது எது?

கல்லூரி வகுப்பில் பிறந்த சந்தேகம்

நரேந்திரன் 1863 ஜனவரி 12ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை விசுவநாத தத்தர் வழக்கறிஞர், தாராளமாகச் செலவு செய்தவர். தாய் புவனேசுவரி தேவி. பாட்டு, குஸ்தி, படிப்பு எல்லாவற்றிலும் மகன் கெட்டிக்காரர். இன்று ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி என்று அழைக்கப்படும் நிறுவனத்தில் அவர் தத்துவம் பயின்றார்.

அங்கே அவர் படித்தவர்களில் ஹியூம், மில், ஹெர்பர்ட் ஸ்பென்சர் ஆகியோர் முக்கியமானவர்கள். ஹியூம் பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக்காரர். தமக்குள்ளே எவ்வளவு தேடிப் பார்த்தாலும் சூடு, குளிர், வெளிச்சம், விருப்பு, வெறுப்பு என ஏதாவது ஓர் உணர்வுதான் அகப்படுகிறது, இவற்றை அனுபவிக்கும் நான் என்ற தனிப் பொருள் அகப்படவே இல்லை என்று அவர் எழுதினார். அப்படியானால் மனிதன் என்பவன் ஓயாமல் ஓடும் உணர்வுகளின் கட்டு மட்டுமே. கோயிலும் பூசையுமாக வளர்ந்த ஒரு பதினெட்டு வயதுப் பையன் இதைப் படித்தால் என்ன ஆகும்? நரேந்திரன் குழம்பினார். உருவ வழிபாட்டை ஏற்காத பிரம்ம சமாஜத்தில் சேர்ந்து பாடினார். பெரியவர்களைத் தேடிப் போய், கடவுளை நேரில் கண்டதுண்டா என்று கேட்டார்.

கல்லூரி முதல்வர் ஹேஸ்டி ஒரு நாள் ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதையைப் பாடம் நடத்தினார். இயற்கை அழகில் தம்மை மறக்கும் நிலையை விளக்கும்போது, அதை நேரில் காண விரும்பினால் தட்சிணேசுவரத்தில் ஒருவர் இருக்கிறார் என்று இராமகிருஷ்ணரைக் குறிப்பிட்டார். கிறிஸ்துவப் பாதிரியாரான ஓர் ஆசிரியர் சொல்லித்தான் நரேந்திரன் அந்தக் காளி கோயில் பூசாரியைப் பற்றி அறிந்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1881இல் இருவரும் சந்தித்தார்கள்.

இராமகிருஷ்ணர் சொன்ன எதையும் நரேந்திரன் உடனே நம்பிவிடவில்லை. முக்கியமாக அத்வைதம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. எல்லாம் பிரம்மம் என்றால் இந்தக் குடமும் கடவுள், இந்தக் கிண்ணமும் கடவுள், நாமும் கடவுளா என்று ஹாஸ்ரா என்பவரோடு உட்கார்ந்து கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தார். அப்போது அங்கே வந்த இராமகிருஷ்ணர் புன்னகையோடு அவரைத் தொட்டாராம். பிறகு சில நாள் நரேந்திரனுக்கு உலகமே வேறு மாதிரி தெரிந்தது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டு, சோறு, பரிமாறும் தாய், உண்ணும் தாம் எல்லாம் ஒன்றாகவே தோன்றின. தெருவில் வண்டி வந்தால் விலகத் தோன்றவில்லை. பூங்காவின் இரும்பு வேலியில் தலையை மோதி, இது நிஜமா கனவா என்று சோதித்தார். மகன் பிழைக்க மாட்டானோ என்று தாய் பயந்தார். அந்தத் தொடுதலில் நடந்தது என்ன என்பதை நாம் எப்படி வேண்டுமானாலும் விளக்கலாம். கேலி பேசிய வாய் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

பசி வைத்த தேர்வு

1884 பிப்ரவரியில் தந்தை திடீரென இறந்தார். நரேந்திரன் அப்போதுதான் பி.ஏ. தேர்வு எழுதியிருந்தார். வீட்டுக் கணக்கைப் பார்த்தபோது மிஞ்சியிருந்தது கடன். உறவினர்கள் வீட்டுப் பங்குக்காக வழக்குப் போட்டார்கள். தாய், தம்பி தங்கைகள் என எல்லாருக்கும் சோறு போட வேண்டிய பொறுப்பு இருபத்தொரு வயது மூத்த மகன் தலையில் விழுந்தது.

வேலை தேடி வெறுங்காலோடு கல்கத்தாவின் வெயிலில் அலைந்தார். தந்தையிடம் உதவி பெற்றவர்களே முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டில் எல்லாருக்கும் போதுமான உணவு இல்லாத நாள்களில், நண்பர் வீட்டில் விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள் என்று தாயிடம் பொய் சொல்லிவிட்டுப் பட்டினியாக வெளியே போய்விடுவார். ஒரு நாள் கால் கொப்பளித்து, ஒரு நினைவுச் சின்னத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஆறுதல் சொல்ல நினைத்த நண்பர் ஒருவர் இறைவனின் கருணையைப் பாடத் தொடங்கினார். நரேந்திரனுக்குக் கோபம் பொங்கியது. வயிறு நிறைந்தவர்களுக்கு அந்தப் பாட்டு இனிக்கலாம், தாயும் தம்பிகளும் பட்டினி கிடப்பதைப் பார்ப்பவனுக்கு அது கேலியாகத்தான் படும் என்று அவர் வெடித்தார். காலையில் எழும்போது கடவுள் பெயரைச் சொன்ன மகனைத் தாயே ஒரு நாள் கடிந்துகொண்டார். இத்தனை காலம் கூப்பிட்டு அவர் என்ன செய்துவிட்டார் என்பது அந்தத் தாயின் கேள்வி.

விவேகானந்தர் வாழ்க்கையில் மிக முக்கியமான பக்கம் சிகாகோ மேடை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு இந்தப் பட்டினி நாள்கள்தான் அப்படிப் படுகின்றன. உலகம் மாயை என்று பிற்காலத்தில் மேடையேறிப் பேசியவர், தாயின் பசியை மாயை என்று தள்ள முடியாமல் தவித்தவர். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் அவருடைய தத்துவம் புரியாது.

கடைசியில் அவர் இராமகிருஷ்ணரிடமே போய், காளியிடம் சொல்லிக் குடும்பத்துக்கு வழி செய்யுமாறு கேட்டார். நீயே போய்க் கேள் என்று இராமகிருஷ்ணர் அனுப்பினார். மூன்று முறை சன்னிதிக்குள் போன நரேந்திரன் மூன்று முறையும் பணம் கேட்கவில்லை. விவேகம், பற்றின்மை, ஞானம், பக்தி இவற்றையே கேட்டுத் திரும்பினார். எளிய சோறும் துணியும் அந்தக் குடும்பத்துக்குக் குறையாது என்று பிறகு குரு வாக்களித்தார். சில காலம் வழக்கறிஞர் அலுவலக வேலை, மொழிபெயர்ப்பு, பள்ளி ஆசிரியர் பணி எனக் கிடைத்ததைச் செய்து நரேந்திரன் வீட்டைத் தாங்கினார்.

பாலைவனத்து ஏரி

1886 ஆகஸ்ட் 16ஆம் தேதி இராமகிருஷ்ணர் மறைந்தார். சீடர்கள் பராநகரில் ஒரு பாழடைந்த வீட்டில் கூடித் துறவிகளாக வாழ்ந்தார்கள். பின்னர் நரேந்திரன் தனியாக நாடு முழுவதும் நடந்தார். அந்தப் பயணத்தில் கிடைத்த ஓர் அனுபவத்தைப் பிற்காலச் சொற்பொழிவில் அவர் விவரித்திருக்கிறார். மேற்கு இந்தியாவின் வறண்ட நிலத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் நடந்தபோது, தினமும் தொலைவில் மரங்கள் சூழ்ந்த அழகான ஏரிகளைக் கண்டார். மரங்களின் நிழல்கள்கூட நீரில் ஆடின. ஒரு நாள் தாகம் தாங்காமல் ஏரியை நோக்கி நடந்தார். நெருங்கியதும் ஏரி மறைந்துபோனது. கானல்நீர் என்று புத்தகத்தில் படித்தது இதுதான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மறுநாள் காலையிலும் ஏரி தெரிந்தது. ஆனால் கூடவே, இது கானல் என்ற அறிவும் இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, உண்மை தெரிந்த பிறகும் காட்சி மறையவில்லை என்பதுதான். கண்ணுக்கு ஏரி தெரிந்துகொண்டே இருந்தது. ஏமாற்றம் மட்டும் நின்றுபோனது. உலகத்தை மறுப்பதற்கும் உலகத்தால் ஏமாறாமல் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல இதைவிட எளிய உதாரணம் கிடைப்பது கடினம்.

1892 டிசம்பரில் கன்னியாகுமரி, பிறகு சென்னை. அங்கே பச்சையப்பன் பள்ளி ஆசிரியர் அளசிங்கப் பெருமாள் இவருக்காக வாசல் வாசலாக நிதி திரட்டினார். கிறிஸ்துவக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த சிங்காரவேலு முதலியார் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். வாதாட வந்து சீடராகவே ஆகிவிட்டார். இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியும் கேத்ரி மன்னர் அஜித் சிங்கும் துணை நின்றார்கள். சென்னையில் பணம் கிடைத்திராவிட்டால் பினாங்கில் அந்தக் கப்பல் வேறு பயணிகளோடு நின்றிருக்கும்.

சுழலும் திரையும்

சிகாகோவில் செப்டம்பர் 11ஆம் தேதி நடந்ததை எல்லாரும் அறிவார்கள். அறிமுகக் கடிதம் இல்லாமல் திண்டாடியவருக்கு ஹார்வர்ட் பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட் கடிதம் கொடுத்து உதவினார் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்வோம். 1896இல் லண்டனில் மாயை பற்றி அவர் தொடர்ந்து பேசினார். ஹியூமிடம் தொடங்கிய கேள்விக்கு அவர் தந்த விடை அந்தக் காலச் சொற்பொழிவுகளில் கிடைக்கிறது.

ஆற்றில் ஒரு நீர்ச்சுழலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நொடியும் புதிய நீர் உள்ளே வருகிறது, பழைய நீர் வெளியே போகிறது. ஆனாலும் அதே சுழல் என்கிறோம். உடலும் அப்படித்தான் என்றார் அவர். மனம் இன்னும் வேகமானது. இதுவரை அவரும் ஹியூமும் ஒரே பக்கம். பிறகுதான் பிரிகிறார்கள். எண்ணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும்போது அவை ஒரு முழுப் படமாகச் சேர வேண்டுமென்றால், அசையாத திரை ஒன்று வேண்டும் என்பது விவேகானந்தரின் வாதம். ஓடுவது ஓடுகிறது என்று தெரிய, ஓடாத ஒன்றோடு ஒப்பிட வேண்டும். உடலின் அசைவை மனத்தை வைத்தும், மனத்தின் அசைவை அதற்கும் பின்னால் சாட்சியாக இருக்கும் அறிவை வைத்தும் அறிகிறோம். அந்த அறிவுக்கு அவர் சொன்ன பெயர் ஆத்மா. இருப்பும் உணர்வும் அதன் குணங்கள் அல்ல, அதுவே அவை என்பது வேதாந்தத்தின் நிலை.

கெட்டிக்கார மாணவர் இங்கே கை தூக்குவார். திரை அசையாமல் இருக்க வேண்டியதில்லையே, படத்தைவிட மெதுவாக மாறினால் போதாதா? ஜோர்ஜ்டவுனிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. லெபோ பந்தாய் என்றால் கடற்கரைத் தெரு. போய் நின்று பாருங்கள். கடல் அங்கே இல்லை. ஒரு காலத்தில் அலை அடித்த இடத்துக்கு முன்னால் கடலைத் தூர்த்து வெல்ட் குவே சாலை அமைத்தார்கள். அலை அசைகிறது, கரை அசையாது என்று நினைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் வேறொரு கரையில் நின்றார்கள். கரையே நகரும்போது, எதை அசையாதது என்பது?

இதே ஐயத்தைப் புத்த சமயத் தத்துவவாதிகள் நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுப்பியிருக்கிறார்கள். கொள்ளிக்கட்டையைச் சுழற்றினால் நெருப்பு வட்டம் தெரிகிறது. வட்டம் என்று எதுவும் இல்லை, தொடர்ச்சி மட்டுமே உண்டு. விவேகானந்தர் இந்த வாதத்தை மறைக்கவில்லை. தம் சொற்பொழிவிலேயே அதை எடுத்து வைத்து, அதன் வலிமையை ஒப்புக்கொண்டுதான் மறுமொழி சொன்னார். புத்தர்மீது அவருக்கு அளவற்ற மதிப்பு. பினாங்குக்கு வரும் வழியில் கொழும்பில் ஏறக்குறைய ஒரு பகல் இருந்தபோதும் புத்தர் கோயிலுக்குப் போய், படுத்த நிலையில் இருந்த மிகப் பெரிய சிலையைப் பார்த்தார். பிக்குகளோடு பேச முயன்றார். அவர்களுக்குச் சிங்களம் தவிர வேறு மொழி தெரியாததால் பேச்சு நடக்கவில்லை.

இந்த வாதம் நம் மண்ணுக்கும் புதிதல்ல. 1834இல் கேப்டன் ஜேம்ஸ் லோ, செபராங் பிறையின் வடபகுதியில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல்லில் புத்தகுப்தன் என்ற மாலுமி, கடற்பயணம் நலமாக முடிய வேண்டி, அறியாமையால் வினை சேர்கிறது, வினையால் பிறவி வருகிறது என்ற பொருளில் வடமொழி வாசகத்தைப் பொறித்திருக்கிறான். அந்தக் கல் இப்போது இருப்பது விவேகானந்தர் பிறந்த கல்கத்தாவின் அருங்காட்சியகத்தில்.

மாயை என்ற சொல்லுக்கும் அவர் தந்த பொருள் வேறு. உலகம் பொய் என்ற கொள்கையல்ல அது, உலகம் எப்படி இருக்கிறதோ அதன் விவரிப்பு என்றார். எல்லாரும் சாகிறார்கள் என்று தெரிந்தும் நமக்கு மட்டும் சாவு இல்லை என்பதுபோல் வாழ்கிறோம். நன்மை வளர வளர அதன் நிழல்போலத் தீமையும் வளர்கிறது. இந்த முரண்பாட்டுக்குத்தான் மாயை என்று பெயர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஐன்ஸ்டைனுக்கு முன்பே விவேகானந்தர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று சிலர் மேடையில் முழங்குவார்கள். நடந்தது இவ்வளவுதான்: 1896இல் நியூயார்க்கில் அவர் மின்னியல் அறிஞர் நிக்கோலா டெஸ்லாவைச் சந்தித்தார். பிராணன், ஆகாசம் என்ற வேதாந்தக் கருத்துகள் டெஸ்லாவைக் கவர்ந்தன. சக்தியையும் பொருளையும் ஒன்றாக்கிக் கணக்கில் காட்டலாம் என்று டெஸ்லா நம்பினார். அதை எதிர்பார்த்து விவேகானந்தர் ஆர்வமாகக் கடிதமும் எழுதினார். டெஸ்லா அதை நிறுவிக் காட்டவில்லை. ஐன்ஸ்டைனின் சமன்பாடு 1905இல் வந்தபோது விவேகானந்தர் உயிரோடு இல்லை. அறிவியல் என்ன சொல்லும் என்று அறியக் காத்திருந்தவர் என்ற அளவில் அவரைப் பாராட்டினால் போதும்.

பிளேக் வந்த ஆண்டு

1897 ஜனவரி 15ஆம் தேதி கொழும்பில் இறங்கினார். யாழ்ப்பாணத்தில் பேசிவிட்டுப் பாம்பன் வந்தபோது சேதுபதியே வரவேற்றார். இராமேசுவரம் கோயிலில் பேசியவர், ஏழையிலும் நோயாளியிலும் சிவனைக் காணாமல் சிலையில் மட்டும் காண்பவரின் வழிபாடு தொடக்க நிலைதான் என்று கூறினார். மறுநாள் சேதுபதி ஆயிரக்கணக்கான ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கினார். எல்லா உயிரிலும் இருக்கும் அறிவு ஒன்றே என்றால், பசித்திருப்பவர் வேறொருவர் அல்லர். கல்கத்தா வெயிலில் அலைந்த இளைஞனின் கோபத்துக்கு அத்வைதத்திலிருந்தே அவர் எடுத்த விடை இது. அதே ஆண்டு மே 1ஆம் தேதி இராமகிருஷ்ண மிஷன் தொடங்கியது. அந்தப் பெயரில் நடக்கும் ஆசிரமம் நம் ஸ்காட்லாந்து சாலையிலும் இருக்கிறது.

1898இல் கல்கத்தாவில் பிளேக் நோய் பரவியது. டார்ஜிலிங்கில் ஓய்வில் இருந்தவர் செய்தி கேட்டுத் திரும்பினார். நிவாரணத்துக்குப் பணம் எங்கே என்று ஒரு சீடர் கேட்டபோது, தேவைப்பட்டால் மடத்துக்காக அப்போதுதான் வாங்கிய நிலத்தை விற்றுவிடலாம் என்றார். பல ஆண்டு அலைந்து கிடைத்த நிலம் அது. விற்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. ஆனால் அவர் அதைத் தயங்காமல் சொன்னார்.

நீரிழிவும் ஆஸ்துமாவும் உடலை அரித்துக்கொண்டிருந்தன. நாற்பது வயதைத் தாண்டமாட்டேன் என்று நெருங்கியவர்களிடம் சொல்லியிருந்தார். 1902 ஜூலை 4ஆம் தேதி, பேலூர் மடத்தில் காலையில் நெடுநேரம் தியானம் செய்தார். மதியம் இளம் துறவிகளுக்குச் சில மணி நேரம் வடமொழி இலக்கணம் கற்பித்தார். மாலையில் ஒருவரோடு வெளியே நடந்துவிட்டு வந்தார். இரவு ஒன்பது மணியளவில், தம் அறையில், உயிர் பிரிந்தது. வயது 39. மறுநாள் கங்கைக் கரையில் உடலை எரித்தார்கள். பதினாறு ஆண்டுகளுக்கு முன் இராமகிருஷ்ணரை எரித்த இடம் ஆற்றின் மறுகரையில் இருந்தது.